மூணு மாசமாக்கும்

கண்ணாடித் துளை வழியே அட்டையை உள்ளே தள்ளினேன்.
பதினேழு வருஷம் சட்டைப்பையில் கிடந்ததில்
என் நெஞ்சின் வளைவு அதற்கும் வந்திருந்தது.
போட்டோவில் இருப்பவனுக்கு மீசை உண்டு,
கடன் கிடையாது.

"மூணு மாசமாக்கும்" என்றார்
மார்த்தாண்டம் ஆபீஸ்காரர், தலை நிமிராமல்.
"அதுவரைக்கும் வண்டியத் தொடப்பிடாது."

செல்போன் பேசியபடி ஓட்டியது.
ஒரு வரி, ஒரு முத்திரை.
என்ன பேசினேன் என்று அதில் இல்லை.
கூடைக்கு நாற்பது ரூபாய் குறைத்துக் கேட்டான்
ஏலக்காரன் கிளாரன்ஸ்.
ஒக்காது என்றேன்.
மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

எனக்குப் பின்னால் நின்ற டிப்பர்க்காரர்
காதோரம் குனிந்தார்.
"இனி புள்ளிக் கணக்கு வரப்போகுதாம், கேட்டியளா?
தப்புக்குத் தப்பு புள்ளி.
நெறஞ்சா, போச்சு."
சீட்டு விழப்போகிறவர் போலச் சிரித்தார்.
அவர் கையிலும் ஒரு நோட்டீஸ்.

ராத்திரி ஜெஃபினா வீட்டுப்பாடம் எழுதினாள்.
க் ங் ச் ஞ்.
ஒவ்வொன்றின் தலையிலும்
பென்சிலை அழுத்தி ஒரு குத்து.
"புள்ளி வெச்ச எழுத்து
சொல்லுக்கு முன்னால வராதுப்பா.
பின்னாலதான் வரும்."
சரி மோளே என்றேன்.

*

விடிய மூன்று மணிக்கு
குளச்சலில் பெட்டி ஏற்றியானதும்
பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.
லிட்டில் பிளவர் ஒன்றும் சொல்லவில்லை,
சாவியோடு நின்றாள்.
முதல் தடவையிலேயே எச் போட்டுத் தேறியவள்.
நாலு வருஷமாய் அவள் லைசென்ஸ்
பைபிளுக்குள் வளையாமல் இருந்தது.
அங்கே வைத்தது நான்தான்.

இடப்பக்கம் உட்கார்ந்தால்
இந்த ரோடு வேறு ரோடு.
திக்கணங்கோடு தாண்டி ஒரு பலகை,
பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்.
"எப்போ வெச்சாவ இத?"
"ஜெஃபினா பிறக்கதுக்கு முந்தியே நிக்குது."

ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால்
தகரத்தை மிதிக்கிறது.
அங்கே பிரேக் இல்லை.
வண்டி அதுபாட்டுக்கு நிதானமாய்த் திரும்புகிறது.

பாலப்பள்ளம் வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன்.
இங்கேதான் ஒரு மழைநாள்
பேப்பர் போடுகிற பையன் சைக்கிளோடு ஓடைக்குள் சரிந்தான்.
இடிக்கவில்லை. ஒதுங்கினான், சரிந்தான்.
எழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன் என்றுதான்
இதுவரை சொல்லி வருகிறேன்.
கண்ணாடி முழுக்க மழையாக இருந்தது.
அதற்கு வரியும் இல்லை, முத்திரையும் இல்லை.

பாம்பு கொத்திய தொபியாஸை
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும்
இதே வண்டிதான்.
அன்றைக்கும் எண்பதில் போனேன்.
அதைக் கூட்டுவார்களா, கழிப்பார்களா,
டிப்பர்க்காரரிடம் கேட்டிருக்கலாம்.

*

விரிகோடு கேட் மூடியிருக்கிறது.
எஞ்சினை அணைக்கிறாள்.
பின்னால் ஐஸ் உருகிச் சொட்டும் சத்தம்,
ஒவ்வொரு சொட்டும் எனக்குக் காசாய்க் கேட்கிறது.

டேஷ்போர்டில் போன் நடுங்குகிறது.
கிளாரன்ஸ்.
வண்டி நிற்கிறது, நான் ஓட்டவும் இல்லை,
எடுக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்காது.
கை பாதிவரை போய்
கியர் குமிழுக்கு மேலே நிற்கிறது.
அவள் கையைப் பார்க்கிறாள்,
போனைப் பார்க்கவில்லை.

ரயில் போகிறது.
கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் போய்விட்டது.
போன் அடங்கி, மறுபடி அடிக்கிறது.

கேட் தூக்கியாயிற்று.
அவள் இன்னும் எடுக்கவில்லை.
வலப்பக்கம் பார்க்கிறாள்,
என் நெஞ்சுக்கு முன்னால் கழுத்தை நீட்டி இடப்பக்கம் பார்க்கிறாள்,
போய்விட்ட ரயிலுக்காக.

பின்னால் நாலைந்து ஹாரன்.
அதில் ஒன்று
பதினேழு வருஷமாய் நான் அடித்த மாதிரியே அடிக்கிறது.

"அடிச்சிட்டுக் கெடக்கட்டும்" என்கிறாள்.

இன்னும் எண்பத்தொன்பது நாள்.